கணினி தொடங்கும்போதே வேலையும் தொடங்க

காலையில் ஜெராக்ஸ் கடை திறப்பவர் கணினியை ஆன் செய்ததும் வரிசையாகச் சில வேலைகள் பார்க்கிறார். பிரவுசரைத் திறந்து மின்னஞ்சலையும் அரசு சேவைத் தளத்தையும் வைத்துக்கொள்கிறார். வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகள் வந்து சேரும் ஃபோல்டரைத் திறக்கிறார். கணக்கு எழுதும் எக்செல் தாளைத் திறக்கிறார். நேற்றைய கணக்கை இன்னொரு டிரைவில் நகல் எடுத்து வைக்கிறார். கூட்டம் சேர்ந்துவிட்டால் அதை மட்டும் விட்டுவிடுகிறார். தினமும் அதே வரிசை, அதே கிளிக். இவ்வளவையும் ஏழெட்டு வரியில் ஒரு கட்டளைக் கோப்பாக எழுதி, கணினி தொடங்கியதும் தானாக ஓடும்படி வைத்துவிடலாம். பேட்ச் ஃபைல் என்பது இதுதான். இதற்கென எதையும் வாங்கவோ நிறுவவோ வேண்டாம். விண்டோஸோடு வரும் நோட்பேட் போதும்.

எழுதுவது சுலபம். சிக்கல் மறுநாள் காலைதான் வரும். எழுதி முடித்ததும் இரட்டைக் கிளிக் செய்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத் திறந்திருக்கும். மறுநாள் கணினியை ஆன் செய்தால் பாதிதான் திறக்கும், சில சமயம் எதுவுமே திறக்காது. பிழைச் செய்தியும் இருக்காது. பலரும் இந்த இடத்தில் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள். கோப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாறியிருப்பது அது ஓடும் சூழல். எந்த நேரத்தில் ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது, எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

ஒரு சொல் முன்னதாக: கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

டாஸ் காலத்தில் இந்த மூன்று கேள்விக்கும் இடமே இருந்ததில்லை. வட்டின் முதல் நிலையில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற கோப்பு இருந்தால், கணினி தொடங்கியதும் டாஸ் அதைப் படித்து வரி வரியாகச் செய்யும். அப்போது கணினிக்கு ஒரே பயனர். பாஸ்வேர்டு கிடையாது, வைஃபை கிடையாது, பின்னணியில் ஓடும் சேவைகள் கிடையாது. கோப்பு ஓடி முடிந்ததும் கட்டளைக்காகக் காத்திருக்கும் குறி வந்து நிற்கும். மவுஸுக்கான டிரைவரை ஏற்றுவதும், சவுண்ட் கார்டின் அமைப்பைச் சொல்வதும் அந்தக் கோப்பில்தான். கடைசி வரியில் வின் என்று எழுதி வைத்தவர்களுக்கு விண்டோஸ் 3.1 தானாகத் திறந்தது. கோப்பில் ஏதாவது கோளாறு என்றால் தப்பிக்க, 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 பதிப்புகள் ஒரு வழி வைத்தன: தொடங்கும்போது எஃப்5 அழுத்தினால் அந்தக் கோப்பைத் தாண்டிப் போகும், எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் நம்மைக் கேட்டுக்கொண்டு செய்யும். அந்த எஃப்8 வசதி இன்றைய விண்டோஸிலும் இருந்திருக்கலாம் என்று தோன்றுவதுண்டு.

இன்றைய கணினியில் தொடக்கம் என்பது பல கட்டங்கள். முதலில் விண்டோஸின் கரு ஏறுகிறது. பிறகு பின்னணிச் சேவைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. அதன் பிறகுதான் லாகின் திரை. பாஸ்வேர்டு கொடுத்த பின் டெஸ்க்டாப் வருகிறது. வைஃபை இணைவது, நெட்வொர்க் டிரைவ் தெரிவது, கிளவுட் ஃபோல்டர் புதுப்பிக்கப்படுவது எல்லாம் அதற்கும் சில நொடி கழித்து நடக்கலாம். நம் கோப்பு இவற்றில் எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

முதலில் கோப்பை எழுதுவோம். நோட்பேடில் முதல் வரி: @ குறியோடு எக்கோ ஆஃப். இது இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளையும் கறுப்பு ஜன்னலில் எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து நிரல்களைத் திறக்கும் வரிகள். இங்கே ஸ்டார்ட் என்ற கட்டளையைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் நிரலின் முகவரியை மட்டும் எழுதினாலும் நிரல் திறக்கும்தான். ஆனால் பேட்ச் ஃபைல் அந்த நிரல் மூடப்படும்வரை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருக்கும். எக்செலை மாலையில் மூடினால் பிரவுசர் மாலையில் திறக்கும். ஸ்டார்ட் போட்டால் நிரலைத் திறந்துவிட்டு உடனே அடுத்த வரிக்கு நகரும். இன்னொரு பேட்ச் ஃபைலை உள்ளிருந்து ஓட்டுவதென்றால் கால் என்ற கட்டளை. அதை விட்டுவிட்டால் ஓட்டம் அந்த இரண்டாவது கோப்புக்குப் போய், முதல் கோப்புக்குத் திரும்பாமலே முடிந்துவிடும்.

ஸ்டார்ட் கட்டளையில் பழம்பெரும் பொறி ஒன்று உண்டு. புரோகிராம் ஃபைல்ஸ் போல இடைவெளி உள்ள முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஸ்டார்ட், தனக்கு முதலில் கிடைக்கும் மேற்கோளை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் நிரல் திறக்காமல், அந்த முகவரியையே தலைப்பாக வைத்துக்கொண்டு வெறும் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். ஸ்டார்ட்டுக்குப் பிறகு உள்ளே ஒன்றும் இல்லாத இரட்டை மேற்கோள் "" ஒன்றைப் போட்டு, அதன்பின் முகவரியை எழுதினால் சரியாகிவிடும். ஏன் இப்படி என்று கேட்டால், அது அப்படித்தான்.

ஃபோல்டரைத் திறக்கவும் ஸ்டார்ட் போதும், வலைத்தளத்தைத் திறக்கவும் போதும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு வரி தேவை. இப்போதைய நோட்பேட் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. கட்டளை ஜன்னலோ பழைய குறியீட்டு முறையில் படிக்கிறது. கணக்கு என்ற ஃபோல்டர் அதற்குப் புரியாத குறிகளாகத் தெரிந்து, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று சொல்லிவிடும். தமிழ்ப் பெயர் வரும் வரிக்கு முன்னால் சிஎச்சிபி 65001 என்று எழுதினால் யூடிஎஃப்-8 ஆகப் படிக்கத் தொடங்கும்.

சேமிக்கும்போது கோப்பின் வகையை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றி, பெயருக்குப் பின் புள்ளி பேட் என்று முடிக்க வேண்டும். மாற்றாவிட்டால் நோட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். விண்டோஸ் அந்தப் பின்னொட்டை வழக்கமாக மறைத்து வைப்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது.

இனி அதை எங்கே வைப்பது என்பது. மிக எளிய இடம் ஸ்டார்ட்அப் ஃபோல்டர். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் ஷெல்:ஸ்டார்ட்அப் என்று தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும். கோப்பை அப்படியே அதில் போடாமல் அதன் ஷார்ட்கட்டைப் போடுவது நல்லது. ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் ரன் என்ற இடத்தில் மினிமைஸ்டு என்று தேர்ந்தால் கறுப்பு ஜன்னல் கண்ணில் படாது. ஜன்னலை மறைக்க விபிஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் பழைய ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன. விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டது. புதிதாக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணினியைப் பலர் தங்கள் பெயரில் பயன்படுத்தினால், அனைவருக்கும் பொதுவான இன்னொரு ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் இருக்கிறது. ஷெல்:காமன் ஸ்டார்ட்அப் என்று தட்டினால் அது வரும்.

நம் ஜெராக்ஸ் கடைக்கு இந்த ஃபோல்டரே போதும். லாகின் முடிந்து, டெஸ்க்டாப் வந்த பிறகு, லாகின் செய்தவர் பெயரில் கோப்பு ஓடும். இரட்டைக் கிளிக் செய்தபோது இருந்த சூழலுக்கு இதுதான் மிக நெருக்கம். ஜன்னல் திறக்கும் எதையும் இங்கே வைப்பதே சரி என்பது என் எண்ணம்.

இருந்தாலும் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ஃபோல்டர். கோப்புக்குள் கணக்கு.எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று வெறும் பெயரை எழுதியிருந்தால், கோப்பு எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கேதான் தேடும். இரட்டைக் கிளிக்கின்போது அது நம் ஃபோல்டர். வேறு வழியில் தொடங்கும்போது அது விண்டோஸின் சிஸ்டம்32 ஆகக்கூட இருக்கலாம். எல்லா முகவரியையும் டிரைவ் எழுத்திலிருந்து முழுதாக எழுதுவது ஒரு தீர்வு. இன்னொன்று, தொடக்கத்திலேயே சிடி /டி என்று எழுதி, அதையடுத்து மேற்கோளுக்குள் சதவீதக் குறி, டில்டே, டி, பி, பூஜ்யம் ஐந்தையும் இடைவெளியின்றி எழுதுவது. இந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கே போ என்பது அதன் பொருள். பார்க்க ஏதோ மந்திரம்போல இருக்கிறது, ஆனால் தவறாமல் வேலை செய்யும்.

இரண்டாவது, நேரம். நெட்வொர்க் டிரைவ் இன்னும் வராத நிலையில் நகல் எடுக்கும் வரி ஓடினால் தோற்கும். டைம்அவுட் /டி 30 என்று எழுதினால் முப்பது நொடி காத்திருக்கும். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இணைய இணைப்பு மந்தமான ஒரு நாளில் முப்பது போதாது, வேகமான நாளில் முப்பதும் வீண். நேரத்தை ஊகிப்பதைவிட, எதற்காகக் காத்திருக்கிறோமோ அது வந்துவிட்டதா என்று பார்ப்பது மேல். இஃப் எக்ஸிஸ்ட் என்ற கட்டளை ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஐந்து நொடி காத்திருந்து, கோட்டூ கட்டளையால் மறுபடி அதே இடத்துக்கு வரச் செய்யலாம். எத்தனை முறை என்ற கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த நாளில் அது மாலைவரை சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

நகல் எடுக்க ரோபோகாபி நல்ல கருவி. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. அதில் /எம்ஐஆர் என்ற தேர்வை மட்டும் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் நகலிலிருந்தும் அழிப்பது அதன் வேலை. மூல ஃபோல்டர் ஏதோ காரணத்தால் ஒருநாள் காலியாகிவிட்டால், மறுநாள் காலை நகலும் காலி. ஆள் இல்லாமல் ஓடும் கோப்பில் இந்த ஆபத்தை எடுக்கத் தேவையில்லை; /ஈ போதும்.

கேள்விகள் கடினமாவது டாஸ்க் ஷெட்யூலருக்குப் போகும்போது. யாரும் லாகின் செய்யாமலே நகல் எடுக்க வேண்டும், அல்லது அட்மின் உரிமை தேவைப்படும் வேலை செய்ய வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். அட்மின் உரிமை கேட்கும் நிரலை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்தால் தடையின்றி ஓடாது. ஷெட்யூலரில் ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் என்ற பெட்டியைத் தேர்ந்தால், அட்மின் கணக்கில் அனுமதிக் கேள்வி இல்லாமலே ஓடும்.

அதில் உள்ள தூண்டுதல்களில் நமக்குப் பொருந்துபவை இரண்டு: ஒன்று அட் ஸ்டார்ட்அப், மற்றது அட் லாகான். பெயரைப் பார்த்தால் முதலாவதுதான் நமக்குத் தேவை என்று தோன்றும். ஆனால் அது லாகினுக்கு முந்தைய கட்டம். பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்ற தேர்வையும் சேர்த்துவிட்டால், நிரல் செஷன் 0 எனப்படும் பின்னணிப் பகுதியில் ஓடும். விஸ்டாவிலிருந்து அந்தப் பகுதியின் ஜன்னல்கள் நம் திரைக்கு வருவதில்லை. எக்செல் உண்மையிலேயே திறந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெயரும் இருக்கும். திரையில் மட்டும் இருக்காது. ஒருநாள் முழுக்க ஆளைத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளவைக்கும் கோளாறு இது. ஜன்னல் வேண்டுமா, அட் லாகான். ஜன்னல் வேண்டாத வேலையா, அட் ஸ்டார்ட்அப்.

இதிலும் ஒரு வேடிக்கை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. பயனரை வெளியேற்றிவிட்டு, கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு உறங்குகிறது. மறுநாள் அதே நிலையை எடுத்துக்கொண்டு எழுகிறது. அதனால் அட் ஸ்டார்ட்அப் என்று வைத்த வேலை அன்று காலை ஓடாமல் போகலாம். ரீஸ்டார்ட் கொடுத்தாலோ உண்மையான முழுத் தொடக்கம் நடக்கும். ஆக, சோதிப்பதற்காக ரீஸ்டார்ட் செய்து பார்க்கும்போதெல்லாம் வேலை செய்யும், ஷட்டவுன் செய்து வீட்டுக்குப் போன மறுநாள் செய்யாது. பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதியை நிறுத்தலாம். லாகின் தூண்டுதலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஷெட்யூலரின் கண்டிஷன்ஸ் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். மின்சாரம் இருந்தால் மட்டும் ஓடு என்ற பெட்டி அதில் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். மடிக்கணினி பேட்டரியில் இருந்தால் வேலை ஓடாது. யூஎஸ்பி வழி இணைத்த யூபிஎஸ்ஸையும் விண்டோஸ் பேட்டரியாகவே எடுத்துக்கொள்வதால், கரண்ட் போன நேரத்தில் மேசைக்கணினியும் இதே காரணத்தால் நின்றுவிடலாம். அடுத்த பக்கமான செட்டிங்ஸில், மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பதும் முன்பே இருக்கும். எப்போதும் ஓட வேண்டிய நிரலுக்கு அதை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் இன் என்ற கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். எந்த ஃபோல்டரில் நின்று ஓடுவது என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் எழுத வேண்டும்.

எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரிய ஒரே வழி பதிவுக் கோப்பு. கட்டளையின் முடிவில் >> குறி போட்டு ஒரு டெக்ஸ்ட் கோப்பின் பெயரை எழுதினால், திரைக்கு வர வேண்டியதெல்லாம் அந்தக் கோப்பில் சேரும். அதற்கும் பின்னால் 2>&1 என்று சேர்த்தால் பிழைச் செய்திகளும் அதே கோப்புக்குப் போகும். முதல் வரியாகத் தேதியையும் நேரத்தையும் பயனர் பெயரையும் எழுதவைத்தால் நம் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அங்கேயே விடை. ஷெட்யூலரில் லாஸ்ட் ரன் ரிசல்ட் என்ற இடத்தில் ஓர் எண் வரும். 0 என்றால் வெற்றி என்பது பொதுவிதி. ரோபோகாபியில் முடியும் கோப்புக்கு இந்த விதி பொருந்தாது. அது 1 என்றால் கோப்புகள் நகலாயின என்று பொருள். 8-உம் அதற்கு மேலும்தான் கோளாறு.

பாஸ்வேர்டை மட்டும் பேட்ச் ஃபைலுக்குள் எழுதாதீர்கள். அது யாரும் நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெற்று எழுத்து. அட்மின் உரிமையில் ஓடும் கோப்பை எல்லோரும் திருத்தக்கூடிய ஃபோல்டரில் வைப்பதும் கூடாது. அதில் ஒரு வரி சேர்த்தவர், அட்மின் உரிமையோடு தன் விருப்பப்படி ஒரு நிரலை ஓட்டலாம். வைரஸ் எழுதுபவர்களுக்கும் இந்த இடங்கள்தான் பிடித்தமானவை: ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஷெட்யூலர், ரெஜிஸ்ட்ரியில் ரன் என்ற பகுதி. ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் ரெஜிஸ்ட்ரியிலும் நாம் வைக்காத ஏதாவது இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் பார்க்கலாம். அதிலேயே டிசேபிள் செய்து நிறுத்தவும் முடியும். இன்னும் ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் நிரல் இருக்கிறது. முதல்முறை திறந்தால் நீளமான பட்டியல் மலைப்பைத் தரும். மைக்ரோசாஃப்ட் உள்ளீடுகளை மறைக்கும் தேர்வைப் போட்டுக்கொண்டால் படிக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

லினக்ஸில் இதே வேலைக்குப் பலரும் முதலில் எடுப்பது கிரான். கிரான்டேப் கோப்பில் @ குறியோடு ரீபூட் என்று எழுதி, பின்னால் ஸ்கிரிப்டின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஆனால் கிரான் ஓடும் சூழல் மிகவும் வறியது. கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல் டெர்மினலில் நமக்கு இருப்பதைவிடச் சிறியது, டெஸ்க்டாப்பும் அதற்குத் தெரியாது. அதனால் அங்கேயும் முழு முகவரி எழுதும் விதி பொருந்தும்.

என் கணிப்பில் சரியான இடம் சிஸ்டம்டி. 2010-இல் அறிமுகமாகி, 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டிலும் இயல்பான தொடக்க முறையாகிவிட்டது. அதற்கு ஒரு சிறு சர்வீஸ் கோப்பு எழுத வேண்டும். அந்தக் கோப்பின் வரிகள் நம் மூன்று கேள்விகளையே வெளிப்படையாகக் கேட்கின்றன. ஆஃப்டர் என்ற வரி எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்று கேட்கிறது. நெட்வொர்க் வந்த பிறகு என்று அங்கே சொல்லலாம். யூசர் என்ற வரி யார் பெயரில் என்று கேட்கிறது. வொர்க்கிங்டைரக்டரி என்பது எந்த ஃபோல்டரில் என்று. நிரல் விழுந்தால் மறுபடி எழுப்பு என்பதற்கும் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி உண்டு. பதிவுக் கோப்பை நாமே எழுத வேண்டியதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளை எல்லாவற்றையும் காட்டும். ராஸ்பெரி பை வைத்துச் சின்னச் சின்னத் திட்டங்கள் செய்யும் மாணவர்கள் கிரானைத் தாண்டி நேராக இதற்கே வந்துவிடலாம்.

மேக்கில் 2005-இன் டைகர் பதிப்பிலிருந்து லாஞ்ச்டி இந்த வேலையைப் பார்க்கிறது. லாகினுக்கு முன் ஓடுபவை லாஞ்ச்டீமன்ஸ் ஃபோல்டரில், பயனர் வந்த பிறகு அவர் பெயரில் ஓடுபவை லாஞ்ச்ஏஜன்ட்ஸ் ஃபோல்டரில் என்று ஃபோல்டரே பிரிந்து கிடக்கிறது. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள், ஷெல் ஸ்கிரிப்டைப் புள்ளி கமாண்ட் என்ற பின்னொட்டோடு சேமித்து, இயங்கும் அனுமதி கொடுத்து, செட்டிங்ஸில் லாகின் ஐட்டம்ஸ் பட்டியலில் சேர்த்துவிடலாம். லாகின் செய்ததும் டெர்மினல் திறந்து அதை ஓட்டும்.